செப்சிஸ் வந்தால் ரத்தத்துக்கு என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐசியூ வாசலில் காத்திருப்பவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கும். வெள்ளை அணு, பிளேட்லெட், லாக்டேட் என்று அதில் உள்ள எண்கள் தினமும் மாறும். ஏன் மாறுகின்றன என்று பொறுமையாகச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். உங்கள் நோயாளிக்கு என்ன சிகிச்சை என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். அவர் சொல்வது புரிவதற்கு இந்தப் பக்கம் உதவும்.

1. செப்சிஸ்னா ரத்தத்துல கிருமி கலந்துடுச்சுன்னு அர்த்தமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ரத்தத்தில் கிருமி இருப்பது ஒன்று, செப்சிஸ் வேறொன்று. நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ வயிற்றிலோ தோலிலோ எங்கோ ஒரு தொற்று இருக்கிறது. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்வினை கட்டு மீறிப் போய், சொந்த உறுப்புகளையே செயலிழக்க வைத்து உயிருக்கு ஆபத்தைக் கொண்டுவருகிறது. அந்த நிலைதான் செப்சிஸ். 2016-இல் மருத்துவ உலகம் வகுத்துக்கொண்ட வரையறையின் சாரமும் இதுதான். பாக்டீரியாவால் மட்டுமில்லை, வைரஸாலும் பூஞ்சையாலும் கூட இது வரலாம்.

செப்சிஸ் நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தை எடுத்து வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், கிருமி எதுவும் வளர்வதில்லை. அதனால் 'கல்ச்சர் நெகட்டிவ், ஆகவே செப்சிஸ் இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இது அரிதான நோயும் இல்லை. 2017-ஆம் ஆண்டில் உலகம் முழுக்கச் சுமார் 4.9 கோடி பேருக்கு செப்சிஸ் வந்தது, அதில் ஏறத்தாழ 1.1 கோடி பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு உலகில் நடந்த மரணங்களில் ஐந்தில் ஒரு பங்கு அது.

2. காய்ச்சலே இல்லையே, எப்படி செப்சிஸ்னு சொல்றாங்க?

காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயதானவர்கள், பச்சிளம் குழந்தைகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு உடம்புச் சூடு ஏறாமல் இருக்கலாம், இயல்பை விடக் கீழேகூடப் போகலாம். தொற்று இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று குழப்பம், மயக்க நிலை, வேகமான மூச்சு, சிறுநீர் மிகவும் குறைவது, கை கால் சில்லிடுவது, தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது இவற்றில் எது வந்தாலும் சந்தேகப்பட வேண்டும். தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் சரி, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

3. கிருமி நுரையீரல்லதானே இருக்கு, ரத்தம் ஏன் கெடணும்?

கிருமியின் துண்டு துணுக்குகளையும், அடிபட்ட நம் செல்களிலிருந்து கசியும் பொருள்களையும் வெள்ளை அணுக்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. கண்டதும் சைட்டோகைன் எனப்படும் வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. தொற்று ஓரிடத்தில் இருக்கும்போது இந்தச் செய்தி அந்த இடத்தோடு நின்றால் நல்லது. அங்கே குழாய்கள் விரியும், வெள்ளை அணுக்கள் வந்து சேரும், சின்ன உறைகட்டிகள் உருவாகிக் கிருமி பரவாமல் தடுக்கும். செப்சிஸில் இதே வேலை உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

இதில் அதிகம் அடிபடுவது ரத்தக் குழாய்களின் உட்சுவர். அது வெறும் குழாய்ச் சுவர் இல்லை, உயிருள்ள செல்களின் ஒற்றை அடுக்கு. அதன் மேல் கிளைகோகேலிக்ஸ் என்ற மெல்லிய சர்க்கரைப் பூச்சு உண்டு. ரத்த அணுக்கள் சுவரில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போவதும், நீர் வெளியே கசியாமல் இருப்பதும், குழாய்க்குள் ரத்தம் வீணாக உறையாமல் இருப்பதும் பெரிதும் இந்தப் பூச்சால்தான். செப்சிஸில் அது உரிந்து போகிறது. உரிந்த துண்டுகளை நோயாளியின் ரத்தத்தில் அளந்தே பார்க்க முடியும். இந்தப் பூச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்கள் இங்கேதான் திரும்பி வரும்.

4. வெள்ளை அணு 22,000 இருக்கு. உடம்பு நல்லாப் போராடுதுன்னு எடுத்துக்கலாமா?

பெரியவர்களுக்கு இயல்பான அளவு ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000. தொற்று வந்தால் ஏறும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் போராட்டம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. எப்படிப்பட்ட அணுக்கள், அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

ரத்தத் துளியைக் கண்ணாடியில் தீற்றிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணு முதிர்ந்திருந்தால் அதன் உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும். செப்சிஸ் நோயாளியின் தீற்றலில் மடல் பிரியாத, வளைந்த பட்டை போன்ற உட்கருவோடு நிறைய அணுக்கள் தென்படும். எலும்பு மஜ்ஜை தேவையைச் சமாளிக்க முடியாமல், முதிராத அணுக்களையும் வெளியே அனுப்பிவிட்டது என்பதற்கான அடையாளம் இது. உள்ளே கருநீலத் துகள்கள் தடித்துத் தெரியும். ஆய்வக அறிக்கையில் 'பேண்ட் செல்', 'டாக்சிக் கிரானுலேஷன்' என்று எழுதியிருப்பது இவற்றைத்தான்.

இப்படித் தூண்டப்பட்ட நியூட்ரோஃபில்கள் விறைத்துப் போகின்றன. நுரையீரலின் மெல்லிய குழாய்களுக்குள் நெளிந்து போக முடியாமல் சிக்கிக்கொள்கின்றன. கிருமி இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்துப் போகும் திறனும் மங்குகிறது. வழக்கமாகச் சீக்கிரம் செத்துவிட வேண்டிய அணுக்கள் சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. தேவையான இடத்துக்குப் போகாமல் தேவையில்லாத இடத்தில் தங்கி அங்கே தங்கள் நொதிகளைக் கொட்டுகின்றன. சிறுநீரில் தொற்று இருந்தவருக்கு நுரையீரல் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. எங்க அப்பாவுக்கு வெள்ளை அணு 2,500தான். அப்போ தொற்று இல்லைதானே?

இதைக் கேட்டு நிம்மதி அடைபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். கடுமையான தொற்றில் எண்ணிக்கை 4,000-க்குக் கீழே போவது பெரும்பாலும் ஏறுவதை விட மோசமான அறிகுறி. மஜ்ஜை உற்பத்தி செய்வதை விட வேகமாக அணுக்கள் செலவாகின்றன, அல்லது குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு ஓடும் ரத்தத்தில் இல்லாமல் போகின்றன. சில வைரஸ் காய்ச்சல்களிலும் எண்ணிக்கை குறையும் என்பதால் எண்ணை வைத்து மட்டும் எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது.

இன்னொரு வகை வெள்ளை அணுவையும் கவனியுங்கள். லிம்போசைட்டுகள் செப்சிஸில் பெருமளவில் செத்துப் போகின்றன. மோனோசைட்டுகள் செத்துப் போகாவிட்டாலும், கிருமியின் அடையாளத்தை மற்ற அணுக்களுக்குக் காட்டும் திறனை இழக்கின்றன. ஒரே உடம்பில் ஒரு பக்கம் எதிர்வினை மிதமிஞ்சியும் இன்னொரு பக்கம் எதிர்ப்பு சக்தி ஓய்ந்தும் இருக்கிறது. முதல் தொற்று அடங்கிய பிறகு ஐசியூவிலேயே இரண்டாவது தொற்று வருவது இதனால்தான். பல நேரங்களில் அது மருத்துவமனையின் கவனக்குறைவாகத்தான் இருக்கும் என்று குடும்பத்தினர் நினைத்துவிடுகிறார்கள். நோயாளியின் சொந்த அணுக்கள் களைத்துப் போயிருப்பதும் பெரிய காரணம்.

6. நியூட்ரோஃபில் வலை விரிச்சுக் கிருமியைப் பிடிக்கும்னு படிச்சேன். அது நல்லதுதானே?

நல்லதுதான், அளவோடு இருக்கும் வரை. 2004-இல் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை முதலில் விவரித்தார்கள். நியூட்ரோஃபில் தன் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ இழைகளையே வெளியே வீசி, அதில் கிருமிகளைச் சிக்க வைக்கிறது. இழைகளில் ஹிஸ்டோன் புரதங்களும், கிருமியைக் கொல்லும் நொதிகளும் ஒட்டியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அதே இழைகளில் பிளேட்லெட்டும் சிவப்பு அணுவும் சிக்கும். ஹிஸ்டோன் குழாய்ச் சுவரின் செல்களுக்கு நஞ்சு. இழைகள் ரத்தம் உறைவதையும் தூண்டிவிடும். கல்லீரல், நுரையீரல் இவற்றின் மெல்லிய குழாய்களில் வலைகள் அளவு மீறிச் சேர்ந்தால் கிருமியைப் பிடித்ததோடு ரத்த ஓட்டத்தையும் அடைத்துவிடும்.

7. சிவப்பு அணு ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போறது மட்டும்தானே? தொற்றுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் பாடப் புத்தகத்தோடு நின்றுபோகும் பகுதி இது. சிவப்பு அணுவின் விட்டம் சுமார் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். தந்துகிகள் எனப்படும் நுண்ணிய குழாய்களில் குறுகலானவை 5 மைக்ரோமீட்டர் அளவுக்கே இருக்கும். அணு தன்னை விடக் குறுகிய குழாய்க்குள் நுழைய வேண்டுமென்றால் நீண்டு மடங்கி உருமாற வேண்டும். நடுப்பகுதி குழிந்த தட்டு வடிவமும், உட்கரு இல்லாத உடலும், நெகிழும் மேலுறையும் இருப்பதால் அதற்கு இது முடிகிறது. சுமார் 120 நாள் ஆயுளில் எண்ணற்ற தடவை இப்படி நெளிந்து போகிறது.

செப்சிஸில் இந்த நெகிழ்வு போய்விடுகிறது. வெள்ளை அணுக்கள் கொட்டும் ஆக்சிஜன் சார்ந்த வீரிய மூலக்கூறுகள் மேலுறையைத் தாக்குகின்றன. மேலுறையின் வெளிப்புறத்தில் இருக்கும் சயாலிக் அமிலம் குறைகிறது. அணுவுக்குள் கால்சியம் சேர்கிறது. தட்டு வடிவம் மாறி உருண்டை வடிவத்தை நோக்கிப் போகிறது. ஹீமோகுளோபின் அளவு அப்படியே இருக்கும், அணுவின் எண்ணிக்கையும் இருக்கும். ஆனால் விறைத்த அணு தந்துகியின் வாயில் தயங்கி நிற்கும், சில நேரம் அடைத்தே விடும். ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி அறிக்கையில் இந்த விறைப்பைக் காட்டும் எண் எதுவும் கிடையாது.

கூடவே, அழற்சியின்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதம் ஏறுவதால் சிவப்பு அணுக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு ஒட்டிக்கொள்கின்றன. இஎஸ்ஆர் பரிசோதனையில் எண் ஏறுவது இப்படி ஒட்டிய அணுக்கள் சீக்கிரம் அடியில் படிவதால்தான். மெதுவாக ஓடும் இடங்களில் இந்த ஒட்டல் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் கூட்டி ஓட்டத்தை இன்னும் மெதுவாக்கும். இன்னொன்று: ஆக்சிஜன் குறைந்த திசுவை உணர்ந்து, ஏடிபி என்ற மூலக்கூறை வெளியிட்டு அந்த இடத்துக் குழாயை விரியச் செய்வதும் சிவப்பு அணுவின் வேலை. எங்கே அதிக ரத்தம் தேவை என்று சொல்லும் அந்தத் திறனும் செப்சிஸில் பழுதாகிறது.

8. பிளேட்லெட் 60,000-க்கு வந்துடுச்சு. டெங்குவா இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று இல்லை. இயல்பான அளவு 1,50,000 முதல் 4,50,000 வரை. செப்சிஸில் பிளேட்லெட்டுகள் பூச்சு உரிந்த குழாய்ச் சுவரில் ஒட்டுகின்றன, நியூட்ரோஃபில்களோடு சேர்ந்து கொத்தாகின்றன, 6-ஆம் பதிலில் சொன்ன வலைகளில் சிக்குகின்றன, சின்னச் சின்ன உறைகட்டிகளில் செலவாகின்றன. மஜ்ஜை ஈடு செய்வதற்குள் எண் இறங்கிவிடுகிறது. டெங்குவா என்பதை அதற்கான பரிசோதனை சொல்லும், இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் வாய்ப்புண்டு.

செப்சிஸில் பிளேட்லெட் எண் ஓர் உறுப்பின் நிலையைப் போலவே கணக்கில் சேர்கிறது. உறுப்புகள் எவ்வளவு பழுதாகியிருக்கின்றன என்று மதிப்பிட மருத்துவர்கள் போடும் சோஃபா என்ற மதிப்பெண்ணில் 1,50,000, 1,00,000, 50,000, 20,000 என்று ஒவ்வொரு படிக்குக் கீழே போகும்போதும் ஒரு மதிப்பெண் கூடும். ஒருநாள் எண்ணை விட இரண்டு மூன்று நாள் போக்கைப் பாருங்கள். இறங்கிக்கொண்டிருந்த எண் நின்று ஏறத் தொடங்கினால் அது நல்ல சேதி.

9. ரத்தம் உறையுதுங்கறாங்க, ரத்தக் கசிவும் இருக்குங்கறாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி?

முரண்பாடாகத் தோன்றினாலும் இரண்டாவது முதலாவதின் விளைவு. செப்சிஸில் மோனோசைட்டுகள் திசுக் காரணி என்ற புரதத்தை மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு ரத்தம் உறைவதைத் தொடங்கி வைக்கின்றன. அதைக் கட்டுப்படுத்த வேண்டிய புரதம்-சி, ஆன்டித்ராம்பின் இரண்டும் குறைந்து போகின்றன. உருவான கட்டியைக் கரைக்கும் வேலையையும் பிஏஐ-1 என்ற புரதம் ஏறி நின்று தடுத்துவிடுகிறது. ஆக உறைதல் தூண்டப்படுகிறது, தடுப்பார் இல்லை, கரைப்பாரும் இல்லை. உடம்பெங்கும் நுண்குழாய்களில் கட்டிகள் சேர்கின்றன. டிஐசி என்று மருத்துவர்கள் சொல்வது இந்த நிலையை.

இப்படி உறைந்துகொண்டே இருந்தால் பிளேட்லெட்டும் உறைபுரதங்களும் தீர்ந்துவிடும். பிறகு ஊசி குத்திய இடத்திலும் ஈறிலும் குடலிலும் கசிவு வந்தால் நிறுத்தச் சரக்கு இருக்காது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பிடி (PT) பரிசோதனையில் நேரம் நீள்வது, கட்டி உடைந்த துணுக்கான டி-டைமர் ஏறுவது, பிளேட்லெட் இறங்குவது மூன்றும் சேர்ந்து வருகிறதா என்று பார்ப்பார்கள். ஃபைப்ரினோஜன் இயல்பாக இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 7-ஆம் பதிலில் சொன்னபடி அழற்சியில் அது ஏற வேண்டிய பொருள். ஏற வேண்டியது இயல்பில் நின்றால் செலவாகிக்கொண்டிருக்கிறது என்றும் அர்த்தமாகலாம்.

10. இத்தனை பாட்டில் ஏத்தியும் பிபி ஏறல, உடம்பு மட்டும் வீங்குது. தண்ணி எங்கதான் போகுது?

இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. குழாய்ச் சுவர்கள் நைட்ரிக் ஆக்சைடை அளவுக்கு மீறி உண்டாக்குவதால் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அதே அளவு ரத்தம் அகன்ற குழாய்களை நிரப்பப் போதாது, அழுத்தம் விழும். அதோடு 3-ஆம் பதிலில் சொன்ன பூச்சு உரிந்து செல்களுக்கு நடுவே இடைவெளி விழுவதால், ஏற்றிய நீரும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் வெளியே கசிந்து திசுக்களில் தேங்குகின்றன. கை கால் முகம் வீங்குவதும், நுரையீரலில் நீர் கோர்ப்பதும் அப்படித்தான். உடம்பெல்லாம் நீர் இருக்கும், குழாய்க்குள் போதுமான அளவு இருக்காது.

அதனால்தான் நீர் ஏற்றுவதற்கு ஒரு வரம்பு உண்டு. உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் இருக்கும் நோயாளிக்குத் தொடக்கத்தில் எடையில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் அளவில், அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.8 லிட்டர், முதல் 3 மணி நேரத்துக்குள் தருவது 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலில் உள்ள பரிந்துரை. அதற்கு மேல் பார்த்துப் பார்த்துத்தான் தர வேண்டும். அழுத்தம் நிற்கவில்லை என்றால் நார்அட்ரினலின் தொடங்குவார்கள், அது தளர்ந்த குழாய்களை இறுக்கும். சராசரி ரத்த அழுத்தம் 65-ஐத் தொட வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. மானிட்டரில் 90/50 என்று இருந்தால் சராசரி சுமார் 63.

11. பிபி சரியாயிடுச்சு, ஆக்சிஜன் 98 காட்டுது. ஆனாலும் 'இன்னும் சீரியஸ்தான்'னு சொல்றாங்க. ஏன்?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். பிபி என்பது பெரிய தமனிகளின் கணக்கு. விரலில் மாட்டும் கருவி காட்டும் 98, தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதன் கணக்கு. அந்த ரத்தம் ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததா என்பதை இரண்டுமே சொல்லாது. பெரிய சாலையில் வண்டிகள் தடையில்லாமல் ஓடும்போதே உள்ளே இருக்கும் சந்துகள் அடைபட்டுக் கிடக்கலாம், சாலையில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நாக்குக்கு அடியில் சின்ன வீடியோ கேமராவை வைத்தால் தந்துகிகளில் சிவப்பு அணுக்கள் ஓடுவது தெரியும். பெல்ஜியத்தைச் சேர்ந்த டேனியல் டி பேக்கர் குழு 2002-இல் இப்படிப் பார்த்தபோது, ஆரோக்கியமானவர்களின் நுண்குழாய்களில் சுமார் 90 சதவீதத்தில் ரத்தம் ஓடியது. கடுமையான செப்சிஸ் நோயாளிகளிடம் ஓட்டம் இருந்தது பாதி அளவு நுண்குழாய்களில்தான். ஒரு குழாயில் வேகமாக ஓடும், பக்கத்துக் குழாயில் அணுக்கள் அப்படியே நிற்கும், அதற்கடுத்ததில் ஓடி ஓடி நிற்கும். அசெட்டைல்கோலின் என்ற மருந்தை அந்த இடத்தில் விட்டதும் நின்ற குழாய்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஆக அந்தக் குழாய்கள் செத்துப் போகவில்லை, திறக்க முடிந்த நிலையில்தான் இருந்தன. எனக்கு இதில் மிகவும் நம்பிக்கை தருவது அந்தக் கடைசி விஷயம்.

விறைத்த சிவப்பு அணு, ஒட்டும் நியூட்ரோஃபில், பிளேட்லெட் கொத்து, நுண்கட்டி, உரிந்த பூச்சு, வீங்கிய திசுவின் அழுத்தம் என்று மேலே சொன்ன அத்தனையும் சேரும் இடம் இந்தத் தந்துகிதான். ஓட்டம் இருக்கும் குழாய்கள் வழியாக ரத்தம் விரைந்து கடந்துவிடுவதால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறையவே மிச்சம் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் எல்லாம் சரி என்று தோன்றும். உண்மையில் அது கொடுக்கப்படாமல் திரும்பி வந்த ஆக்சிஜன்.

12. விரலை அழுத்தி அழுத்திப் பார்க்கறாங்களே, இவ்வளவு மெஷின் இருக்கும்போது அது எதுக்கு?

மெஷின்கள் காட்டாத சந்துகளைத் தோல் காட்டுகிறது. விரல் நுனியை வெளுக்கும் வரை அழுத்தி, 10 விநாடி வைத்திருந்து விட்டால், எத்தனை விநாடியில் பழைய நிறம் திரும்புகிறது என்று எண்ணுவார்கள். 3 விநாடிக்கு மேல் போனால் நுண்குழாய்களில் ஓட்டம் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தென் அமெரிக்காவின் 5 நாடுகளில் 424 நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்த விநாடிக் கணக்கைப் பார்த்தும் மீதிப் பேருக்கு லாக்டேட் அளவைப் பார்த்தும் சிகிச்சை தந்தார்கள். விரலைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதியாகவில்லை என்றாலும், எந்தக் கருவியும் தேவைப்படாத ஒரு முறை ஆய்வகப் பரிசோதனைக்குச் சமமாக நின்றது.

முழங்காலையும் பார்ப்பார்கள். முட்டியைச் சுற்றி ஊதா நிறத்தில் வலைப்பின்னலாகத் திட்டுகள் இருந்து, அவை தொடையை நோக்கிப் பரவினால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் இந்தத் திட்டுகள் எளிதில் கண்ணுக்குப் படாது. தொட்டுப் பார்த்து முட்டி சில்லென்று இருக்கிறதா என்று கவனிப்பது அப்போது உதவும்.

13. லாக்டேட் ஏறினா ஆக்சிஜன் போகலைன்னுதானே அர்த்தம்?

பாதி சரி. ஆக்சிஜன் கிடைக்காத செல் குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டேட்டை உண்டாக்கும். ஆனால் செப்சிஸில் அட்ரினலின் அதிகமாகச் சுரப்பதால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும் தசைகூட லாக்டேட்டை உண்டாக்குகிறது. கல்லீரல் அதை அகற்றுவதும் மெதுவாகிறது. ஆக்சிஜன் வந்து சேர்ந்தாலும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அதைப் பயன்படுத்த முடியாமல் போவதும் உண்டு.

ஆகவே லாக்டேட்டை ஆபத்தின் அளவாகப் பார்க்கலாம், ஆக்சிஜன் குறைவின் நேரடி அளவாகப் பார்க்க முடியாது. நீர் போதுமான அளவு தந்த பிறகும், 65 அழுத்தத்தைக் காக்க மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அதற்குப் பெயர் செப்டிக் ஷாக்.

14. சிவப்பு அணு சரியில்லைன்னா புது ரத்தம் ஏத்திடலாமே?

நியாயமான யோசனைதான், ஆனால் சோதித்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. 2014-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் செப்டிக் ஷாக் நோயாளிகள் சுமார் 1,000 பேரில் ஒரு பகுதியினருக்கு ஹீமோகுளோபின் 7-க்கு வந்தால்தான் ரத்தம், இன்னொரு பகுதியினருக்கு 9-க்கு வந்தாலே ரத்தம் என்று தந்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால் இறப்பில் வித்தியாசம் இல்லை. சேமிப்பில் இருக்கும் சிவப்பு அணுக்களும் நாள் போகப் போக நெகிழ்வை இழக்கின்றன, அவை போய்ச் சேர வேண்டிய தந்துகிகளோ அடைபட்டுக் கிடக்கின்றன. அதனால் பொதுவாக 7-ஐ எல்லையாக வைக்கிறார்கள். மாரடைப்பு, பெரிய ரத்தப்போக்கு போன்ற நிலைகளில் கணக்கு மாறும். பிளேட்லெட்டும் அப்படித்தான். கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் ஏற்றுவார்கள்.

15. உறைதல்தான் பிரச்சனைன்னா, உறையாம இருக்க மருந்து கொடுத்தாப் போதுமே?

இந்த வழியில் போன ஒரு மருந்தின் கதையைச் சொன்னாலே போதும். 9-ஆம் பதிலில் புரதம்-சி குறைகிறது என்று சொன்னேன். அதன் செயலூக்கம் பெற்ற வடிவத்தையே மருந்தாக்கி 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றார்கள். பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. மறுபடி ஆய்வு நடத்தியபோது உயிர் காக்கும் பலன் உறுதிப்படவில்லை, 2011-இல் மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள். ரத்தப்போக்கு அதன் முக்கியமான பக்கவிளைவாக இருந்தது. உறைதல் தொற்றை வளைத்துப் பிடிக்கும் வேலையையும் செய்கிறது, அதை மொத்தமாக நிறுத்துவதும் ஆபத்து.

இப்போது உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் குறைந்த அளவு தருவது காலின் ரத்தக் குழாய்களில் கட்டி சேராமல் இருக்கத்தான். செப்சிஸின் நுண்கட்டிகளுக்கு உண்மையான மருந்து, தொற்றை வேரோடு நிறுத்துவது. சீழ் இருந்தால் வடிக்க வேண்டும், அடைப்பு இருந்தால் நீக்க வேண்டும், ஷாக் நிலையில் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

16. விரல் நுனியெல்லாம் கறுத்துப் போச்சு. அந்த பிபி மருந்தாலதானே?

குடும்பத்தினருக்கு மிகவும் வலிக்கும் காட்சி இது. நார்அட்ரினலின் குழாய்களை இறுக்குவது உண்மை, அதிக அளவு தேவைப்படும்போது விரல்களுக்கு ஓட்டம் குறைவதும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே ஷாக்கும் 9-ஆம் பதிலின் நுண்கட்டிகளும் அங்கே வேலை செய்திருக்கும். மெனிங்கோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் எந்த மருந்தும் தொடங்கும் முன்பே தோலையும் விரல்களையும் கறுக்க வைக்கின்றன. மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போக வேண்டுமென்றால் அந்த மருந்தை நிறுத்த முடியாத கட்டம் ஒன்று உண்டு. கறுத்த பகுதி எதுவரை உயிரோடு இருக்கிறது என்று தெளிவாகத் தெரியப் பல வாரம் ஆகலாம். தொற்று இல்லாமல் காய்ந்திருந்தால் அறுவை செய்ய அவசரப்பட மாட்டார்கள், பயந்ததை விடக் குறைவாகவே இழக்க நேர்வதும் உண்டு.

17. ஐசியூவை விட்டு வந்தாச்சு. ரத்தம் எப்போ பழையபடி ஆகும்?

எல்லாம் ஒரே வேகத்தில் திரும்பாது. பிளேட்லெட்தான் பொதுவாக முதலில் வரும், சில சமயம் 4,50,000-ஐத் தாண்டியும் போகும். அது பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். சிவப்பு அணுக்கள் மெதுவாகத்தான் தேறும். அழற்சி ஏற்றிவிட்ட ஹெப்சிடின் என்ற ஹார்மோன் இரும்பைச் சேமிப்பிலேயே பூட்டி வைத்திருக்கும், தினமும் பரிசோதனைக்கு எடுத்த ரத்தமும் கணக்கில் சேரும். களைப்பும் மூச்சு வாங்குவதும் பல வாரம், சிலருக்குப் பல மாதம் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரும்பு மாத்திரை தேவையா என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மிக மெதுவாகத் தேறுவது 5-ஆம் பதிலில் சொன்ன லிம்போசைட்டும் மோனோசைட்டும்தான். வெள்ளை அணுவின் மொத்த எண் இயல்புக்கு வந்த பிறகும் அவற்றின் திறன் குறைந்தே இருக்கலாம். வீடு திரும்பிய முதல் சில மாதங்களில் மறுபடி தொற்று வந்து மருத்துவமனைக்குப் போக நேர்பவர்கள் நிறைய. தடுப்பூசிகள் எவை, எப்போது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம் காய்ச்சலோ குழப்பமோ வேகமான மூச்சோ வந்தால் நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே போங்கள். பதிவு மேசையிலேயே 'இவருக்கு முன்பு செப்சிஸ் வந்திருக்கிறது' என்று சொல்லி, பழைய டிஸ்சார்ஜ் தாளையும் கையில் கொடுங்கள்.